நாவலும் வேண்டும், நாளும் வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. எழுத்து, ஓவியம், இசை என்று ஏதோ ஒன்றில் ஊன்றி நிற்க வேண்டும். அதற்காக அன்றாட வாழ்க்கையின் சந்தோஷங்களை இழந்துவிடவும் கூடாது. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அலுவலக வேலைக்கு நடுவே நான்கு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். எழுத உட்கார்ந்தால், போட்டது போட்டபடி கிடக்கும் வீட்டு வேலைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மகளோடு விளையாடும்போதோ மனம் நாவலுக்குள் போய்விடுகிறது. அவள் இரண்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுகிறது. நாவல் முடியட்டும், பிறகு நிம்மதியாக வாழ்ந்துகொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். இது சரியா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்தச் சமாதானம்தான். நாவல் முடிந்த பிறகு வாழலாம் என்று தள்ளிப்போட்டால், நாவல் முடிந்ததும் அதை அச்சுக்குக் கொடுப்பது, வந்த விமரிசனத்தைப் படித்துக் கலங்குவது, அடுத்ததைத் தொடங்குவது என்று ஏதாவது ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மகளோ அதுவரை இதே வயதில் காத்திருக்கப் போவதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததில், உங்களுக்கு நேரப் பற்றாக்குறையைவிடப் பெரிய தொல்லை வேறொன்று இருப்பதாகத் தெரிகிறது. எழுத்து எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதற்கு உங்கள் நாளில் எல்லையே இல்லை. ஆகவே அது நாள் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அப்படிப் பரவிக் கிடந்தும் பக்கங்கள் நகர்வதில்லை.

குழந்தையோடு இருக்கும்போது நாவலை நினைப்பது இனிமையான நினைவுதானே, அதில் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். 2010ஆம் ஆண்டு மாத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீதத் தருணங்களில் மனம் கையில் இருக்கும் காரியத்தில் இல்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு: மனம் இனிமையான விஷயத்தை நோக்கி ஓடியபோதுகூட, செய்துகொண்டிருக்கும் காரியத்திலேயே மனம் ஒன்றியிருந்தவர்களைவிட அவர்கள் அதிகமாக மகிழ்ச்சியடையவில்லை. அதாவது மகளோடு விளையாடும்போது நாவலுக்குள் போவதால், விளையாட்டும் போகிறது. அதற்கு ஈடாக எதுவும் கிடைப்பதுமில்லை.

இதற்காக மனத்தைக் கட்டிப்போட முயல வேண்டாம், அது நடக்காது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விளக்கினார். 2011இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் செய்த சோதனைகளில், முடியாத காரியம் ஒன்று மனத்தைக் குடைந்துகொண்டிருந்தவர்களிடம், அதை எப்போது, எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று திட்டமாக எழுதச் சொன்னபோது அந்தக் குடைச்சல் அடங்கியது. காரியம் முடியவில்லை; திட்டம் மட்டும்தான் எழுதப்பட்டது. மனத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எழுத ஒதுக்கிய நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு துண்டுத்தாளை எடுங்கள். 'நாளைக் காலை: அக்கா கதவைத் திறக்கும் இடத்திலிருந்து. உள்ளே இருப்பது யார் என்று இன்னும் சொல்லக் கூடாது. தம்பியின் குரல் மட்டும் கேட்கட்டும். ஏழாம் பக்கத்தில் மழை என்று எழுதியதை மாற்ற வேண்டும், அடுத்த காட்சியில் தரை காய்ந்திருக்கிறது' என்று, நாளை வந்து உட்காரும் உங்களுக்கு நீங்களே கொடுக்கும் கட்டளைபோல எழுதுங்கள். 'நாவலைத் தொடர வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. எந்தக் காட்சி, எந்த வரி, எந்தச் சந்தேகம் என்று இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கையெழுத்துப் பிரதியின் மேல் வைத்து மூடிவிட்டு எழுந்திருங்கள். விளையாடும்போது நல்ல வரி ஒன்று தோன்றினால் பையில் இருக்கும் சிறு குறிப்பேட்டில் இரண்டு சொல்லில் குறித்துவிட்டு, 'என்னம்மா எழுதறே?' என்று அவள் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஆட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். வரியை மேலும் வளர்த்துப் பார்க்கும் ஆசையைத்தான் அந்த நேரத்தில் அடக்க வேண்டும்.

வேலையும் குடும்பமும் இருப்பவர்களால் பெரிதாக எதையும் எழுத முடியாது என்ற எண்ணத்துக்கு வரலாறு சாட்சி சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் தபால் இலாகாவில் பல்லாண்டுகள் அதிகாரியாக இருந்தபடியே எழுதியவர்; எழுதி முடித்த நாவல்கள் 47. காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டு, பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். மூன்று மணி நேரம்தான். அதற்குப் பிறகு அலுவலகம், நண்பர்கள், சீட்டாட்டம், பருவத்தில் குதிரையேறி வேட்டை என்று அவருடைய நாள் நிறைந்திருந்தது. அவரை எழுப்பிவிட ஒரு வேலைக்காரர் இருந்தார் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. எழுந்ததும் சமையலறையைப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைக்காது. ஆகவே உங்களுக்கு டோனி மாரிசனைச் சொல்வதுதான் பொருத்தம். பதிப்பகத்தில் வேலை, மணமுறிவுக்குப் பின் தனியாக வளர்க்க வேண்டிய இரண்டு மகன்கள் என்ற நிலையில், பிள்ளைகள் விழிப்பதற்கு முன்பான விடியற்காலையில் எழுதியவர் அவர். முதல் நாவல் 1970இல் வந்தது. 1993இல் நோபல் பரிசு பெற்றார். விடியற்காலைதான் சிறந்தது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் வேறு யாருக்கும் நீங்கள் தேவைப்படாத ஒரு பொழுதைக் கண்டுபிடியுங்கள். அது முக்கால் மணி நேரமாக இருந்தாலும், அதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துவிடுங்கள். வீட்டு வேலைகளில் ஒரு பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பதும் நாவல் எழுதும் வேலையின் ஒரு பகுதிதான். அதைக் கேட்கத் தயங்கும் பெண்கள் எத்தனையோ பேர் என்பதை எனக்கு வரும் கடிதங்கள் சொல்கின்றன, படிக்கும்போது மனம் வலிக்கிறது.

கேள்வி: ஓவியம் வரைகிறேன். ஆரம்பிப்பதில் இருக்கும் உற்சாகம் பாதியில் வடிந்துவிடுகிறது. அதற்குள் இதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றிவிடும். வீடு முழுக்க அரைகுறைப் படங்கள். எனக்குக் கவனம் சிதறும் குணமா? – ஒரு வாசகர்

பதில்: புதிய யோசனை எப்போதும் பழையதைவிட அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதன் சிக்கல்கள் இன்னும் வெளியே வரவில்லை. பாதி வரைந்த படத்தில் நிழல் ஒத்துவராதது, கை விரல்கள் சரியாக அமையாதது எல்லாம் உங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. வரையாத படத்தில் அவை இல்லை. இந்த ஒப்பீடே நியாயமற்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் குணத்தின் மீது பழி போட வேண்டிய அவசியம் இராது.

புதிய யோசனைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சின்னக் கோட்டுருவமும் போட்டு வைக்கலாம். ஆனால் வண்ணத்தைத் தொடக் கூடாது. எந்த நேரத்திலும் ஒரே ஒரு படம்தான் கைவேலையில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: படத்தைத் தொடங்கும்போதே, எது நடந்தால் இது முடிந்ததாகக் கொள்வேன் என்று பின்புறத்தில் எழுதிவிடுங்கள். முடிவு எது என்று தெரியாத வேலையில்தான் உற்சாகம் வேகமாக வடிகிறது. அடுத்த சில மாதங்களுக்கு உள்ளங்கை அளவுப் படங்களை மட்டும் வரைந்து, ஒவ்வொன்றையும் முடித்துப் பாருங்கள். நடுவில் வரும் அந்த மந்தமான பகுதியைக் கடந்து போவதற்கும் ஒரு பயிற்சி தேவை. சிறிய படத்தில் அந்தப் பகுதி ஒரு மாலைப் பொழுதில் கடந்துவிடும். வீடு முழுக்க இருக்கும் அரைகுறைகளில், இன்று பார்த்தாலும் மனம் அசைகிற ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கண்ணுக்குப் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது உங்களைக் குற்றவாளியாக்குகிறது.

கேள்வி: 'இந்தக் கணத்தில் வாழ்', 'சின்னச் சின்ன விஷயங்களை ரசி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இசையமைக்கும்போது மட்டும்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிறது. துணி மடிப்பதிலும் பேருந்துக்குக் காத்திருப்பதிலும் ரசிக்க என்ன இருக்கிறது? ரசிக்கப் பழக முடியுமா? – ஒரு வாசகர்

பதில்: முடியும். ஆனால் எல்லாவற்றையும் ரசிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அன்றாட வாழ்க்கையில் உண்மையிலேயே அலுப்பானவை இருக்கின்றன; அவற்றை விரைவாக முடித்துவிட்டுப் போவதில் தவறில்லை. உங்களிடம் நான் கேட்பது இன்னும் குறுகியது. நாளில் ஒன்றோ இரண்டோ தருணங்களை மட்டும், இசைக்குக் கொடுக்கும் அதே காதோடு கேட்டுப் பாருங்கள்.

அடுத்து வரும் ஆரவாரமான கணத்துக்காகக் காத்திருக்கும் மனத்துக்கு, தினமும் கிடைப்பவை கண்ணிலேயே படுவதில்லை. பழகப் பழக எந்த இன்பமும் மங்கிவிடும் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மங்கியதை மீண்டும் தெளிவாகப் பார்க்க ஒரு வழி, அதன் நுணுக்கங்களுக்குப் போவது. நீங்கள் சொன்ன துணி மடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த பருத்தித் துணியின் ஓரம் விறைப்பாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருக்கும். உதறும்போது சட்டைக்கு ஓர் ஒலி, துண்டுக்கு ஓர் ஒலி. தையல் கனமாக இருக்கும் இடத்தில் உள்ளங்கைக்குச் சூடு சற்று நேரம் கூடுதலாகத் தங்கும். இதைக் கவனிக்கப் பத்து நிமிடம் தேவையில்லை. இரண்டு துணி மடிக்கும் நேரம் போதும், மீதியை வழக்கம்போல வேகமாக மடித்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இது உங்களைப் போன்ற கலைஞர்களுக்கு மட்டுமே உரியது. துணி உதறும் ஒலியைக் கேட்டவுடன் 'இதை ஒரு தாளத்தில் பயன்படுத்தலாமே' என்று மனம் கணக்குப் போடும். அவ்வப்போது அப்படித் தோன்றட்டும். ஆனால் பார்ப்பது, கேட்பது, நண்பனின் துயரம், தாயின் சிரிப்பு எல்லாமே படைப்புக்கான கச்சாப்பொருள் என்று ஆகிவிட்டால், உங்களைச் சுற்றி இருப்பவர்கள் அதை உணர்ந்துவிடுவார்கள். எதற்கும் உதவாத இன்பம் ஒன்றிரண்டு வாழ்க்கையில் இருந்தே ஆக வேண்டும். சார்லஸ் டார்வினுடைய நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். அவர் காலையில் இரண்டு தவணையாக உழைப்பார், நண்பகலில் தோட்டத்தின் மணற்பாதையில் நடப்பார், பகலில் மனைவி எம்மா நாவல் வாசிக்கக் கேட்பார், இரவில் இருவரும் பேக்கமன் என்ற காய் ஆட்டம் ஆடுவார்கள். 1876இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அதுவரை எம்மா வென்றது 2,490 ஆட்டங்கள், தான் வென்றது 2,795 என்று பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார். அந்த ஆட்டங்களால் உயிரியலுக்கு ஒரு பயனும் இல்லை. உடல்நலம் குன்றிய, செல்வ வசதி உள்ள மனிதரின் நாள் அது என்பது உண்மைதான். அப்படியே பின்பற்ற நம்மால் முடியாது. எனினும் இரவு நேரத்து ஆட்டம் ஒன்றுக்குச் செல்வம் தேவைப்படுவதில்லை.

பேருந்துக்குக் காத்திருப்பதைப் பற்றி: அங்கே கைபேசியை எடுக்காமல் இருந்து பாருங்கள். முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும். அதை ரசிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எரிச்சல் அடங்கிய பிறகுதான் சுற்றிலும் இருப்பது காதில் விழத் தொடங்கும்.

கேள்வி: தினமும் கட்டாயம் எழுத வேண்டுமா? – ஒரு மாணவி

பதில்: இல்லை. தினமும் எழுதுவதைவிட, முன்கூட்டியே குறித்த நாளில் தவறாமல் உட்காருவதே முக்கியம். வாரத்தில் நான்கு நாட்கள் என்று நீங்கள் முடிவு செய்தால், மீதி மூன்று நாட்கள் எழுத்தைப் பற்றிய குற்ற உணர்வு இல்லாத நாட்களாக இருக்க வேண்டும்; அந்த மூன்று நாட்களையும் நாட்காட்டியில் அதே கண்டிப்போடு குறித்து வையுங்கள். தேர்வுக் காலத்தில் அதைக் குறைத்துக்கொள்வதும் தவறில்லை.

கேள்வி: கவிதை எழுதுகிறேன். அண்மையில் மனத்துக்குப் பிடித்த வேலை, நல்ல நண்பர்கள், அமைதியான வீடு என்று வாழ்க்கை சீராகியிருக்கிறது. இப்படியே சந்தோஷமாக இருந்தால் எழுத்து வற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேதனையில்தானே கலை பிறக்கிறது என்கிறார்கள்? – ஒரு வாசகர்

பதில்: வேதனையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதும், வேதனை இருந்தால்தான் எழுத முடியும் என்பதும் ஒன்றல்ல. கடும் துயரத்தின் நடுவில் இருப்பவர்களால் பெரும்பாலும் எதுவும் எழுத முடிவதில்லை; அதைக் கடந்து, உட்கார ஓர் இடமும் தூங்க ஒரு நேரமும் கிடைத்த பிறகுதான் அந்தத் துயரம் சொற்களாகிறது. உங்களுக்கு இப்போது கிடைத்திருப்பது அந்த இடமும் நேரமும்தான்.

இதை ஓரளவு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டெரசா அமபிலேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 222 பேர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளைப் பரிசீலித்தார்கள். மனநிலை நன்றாக இருந்த நாட்களில் புதிய யோசனைகள் தோன்றுவது கூடியது. அதன் விளைவு அடுத்த நாள் வரை நீண்டது. அவர்கள் நிறுவன ஊழியர்கள், கவிஞர்கள் அல்லர், ஆகவே இதைக் கவிதைக்கு அப்படியே பொருத்த மாட்டேன். என்றாலும் சந்தோஷம் கற்பனையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் எதுவும் இல்லை.

உங்களுக்கு நேர்ந்திருப்பது வேறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். முன்பு கவிதைதான் உங்களுக்கு ஒரே ஆறுதலாக இருந்திருக்கும். மனம் பொறுக்காதபோது தானாகவே அதனிடம் போயிருப்பீர்கள். இப்போது ஆறுதலுக்கு வேறு வழிகள் இருப்பதால் அந்த உந்துதல் குறைந்திருக்கிறது. இனிமேல் கவிதைக்கு நீங்களாகவே நேரம் கொடுத்தாக வேண்டும். அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனமொன்றில் துணைத் தலைவராக இருந்தார். வீட்டிலிருந்து அலுவலகம் வரை தினமும் நடந்து போகும் வழியில் மனத்துக்குள்ளேயே வரிகளைக் கட்டினார். அவருக்கு அந்த நடை இருந்தது. உங்கள் சீரான நாளில் அப்படித் தனியாக, கையில் எதுவும் இல்லாமல் நகரும் ஒரு பொழுது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்ரி பொயன்காரேவுக்குக் கணிதக் கண்டுபிடிப்பு ஒன்று, நிலவியல் பயணம் ஒன்றில் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்பவர்கள் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன் அவர் மேசையில் உட்கார்ந்து உழைத்த நாட்களும், ஊர் திரும்பிய பின் அதைச் சரிபார்த்ததும் விட்டுப்போகின்றன. நீங்கள் மேசை உழைப்பு, தனிமையான பொழுது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கவிதையாக, இப்போது உங்களுக்கு இருக்கும் அமைதியைப் பற்றியே எழுதிப் பாருங்கள். துயரத்தை எழுதுவதைவிட அது கடினம், ஏனென்றால் அமைதியில் நிகழ்ச்சி எதுவும் இருக்காது. வந்த வரிகளை எனக்கு அனுப்பினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.